மூட்டு பொய் சொல்லாது

— உலகத்துல பொய் சொல்லாத ஒரே பிறவி மூட்டுதான் மாப்ள. அதுகிட்ட பேசத் தெரிஞ்ச ஒரே டாக்டர் உன் அக்கா புருஷன்.

— மருந்துக்கடைல நிக்கிற எனக்கு எங்க தெரியப்போவுது மாமா. மாடில கிளினிக்க மூடிட்டீங்களா?

— மூடிட்டேன். காலைல ஒருத்தன் நொண்டிக்கிட்டு வந்தான். முழங்கால் வீங்கியிருக்கு, குதிகால ஊன முடியல, கண்ணு செக்கச்செவேல்னு இருக்கு. கேட்டா படிக்கட்டுல வழுக்கிட்டானாம். 'ஏம்ப்பா, கண்ணாலயா இறங்குன?'ன்னேன்.

— வேற என்னவாம்?

— சில வாரம் முன்னாடி வெளில எவகிட்டயோ போய் நோய வாங்கிட்டு வந்திருக்கான். ஒண்ணுக்குப் போனா எரியுது. கிருமித் திருடன் கீழ வாசல்லயே நிக்கிறான். உடம்புல இருக்கிற போலீஸு கிறுக்குப் பிடிச்சு முழங்கால்ல குடியிருக்கிறவனப் போட்டு அடிக்குது.

— கெட்ட சகவாசத்துல வர்ற மூட்டுவலி எல்லாம் இதேதானா?

— அங்கதான் என் மூளை. வெட்டை நோய்னா காய்ச்சல் வரும், வலி மணிக்கட்டு கணுக்கால்னு தாவும், தோல்ல சீழ்க்கொப்புளம். அதுல திருடனே மூட்டுக்குள்ள கட்டில் போட்டுப் படுத்துருவான். அன்னிக்கே ஆஸ்பத்திரில சேத்து ஊசி போடணும், விட்டா மூட்டு காலி. சோதிச்சுப் பாத்தேன், இவனுக்கு அது இல்ல.

— அப்ப மாத்திரை போதுமா?

— கிருமிக்கு மாத்திரை. அவனுக்கும், பொண்டாட்டிக்கும். அந்த யோக்கியன் கேக்கறான், 'அவளுக்கு சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்துரட்டுமா?' எதுக்குன்னே தெரியாம அந்தப் பொண்ணு முழுங்கணுமாம். வீட்டுல உண்மையச் சொல்ல வக்கில்லாதவன் ஆம்பளையே இல்லன்னேன்.

— அழுதிருப்பானே.

— அழுதான். அப்புறம் போய்ச் சொல்லி, அவளையே கூட்டிட்டு வந்தான்.

— பரவால்ல மாமா அந்த ஆளு. ஆமா, கடைக்குள்ள எதுக்குக் கூலிங்கிளாஸ்?

— வெயிலு.

— ஒத்தச் செருப்பக் கழட்டிக் கைல வச்சிருக்கீங்க?

— புதுசு. குதிகால்ல கடிக்குது.

— வெளியூர் டாக்டர் மாநாட்டுக்குப் போனப்ப வாங்குனதா?

— ஆமா, போன மாசம்... சரி, அந்த மாத்திரை ரெண்டு பேருக்கு எடுத்து வை.

— அவங்க அப்பவே வாங்கிட்டுப் போயிட்டாங்களே.

— இது வேற நோயாளி.

— பில்லுல பேரு போடணும்.

— நோயாளி ரகசியத்த எல்லாம் கேக்கக்கூடாது. ...மாப்ள.

— சொல்லுங்க மாமா.

— உங்க அக்கா கொஞ்ச நாளா களைப்பாத் தெரியறால்ல? சத்து மாத்திரை டப்பா காலியா ஒண்ணு இருந்தா குடு.