மூன்று வினாடிக்கு ஒரு பேரம்

உங்கள் அலுவலகத்துப் பார்லி டீ நன்றாக இருக்கிறது, விசாரணை அதிகாரி ஐயா. எங்கள் ஆம்புலன்ஸ் தகவல் மையத்தில் வெறும் வெந்நீர்தான்.

எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று சொல்லும் டேட்டாபேஸ் சர்வரைக் கண்காணிக்க ப்ளகின் என்ற ஒரு சின்ன மென்பொருளை நிறுவச் சொன்னார்கள். அரை நாள் வேலை. பதில் வர மூன்று வினாடிக்கு மேலானால் சுவர்த்திரையில் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. முதல் வாரத்திலேயே பதினோரு சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். அதில் ஐந்து மேலதிகாரிகளின் முத்திரை. என் முத்திரையை அவர்கள் பக்கமாகச் சாய்த்துக் குத்த வேண்டும். என்னைப் போல முத்திரையும் அவர்களைக் குனிந்து வணங்க வேண்டுமாம். முத்திரைக்கே இடுப்பு வலித்திருக்கும்.

பிரிவுத் தலைவர் ஹிஷினுமா கூப்பிட்டார். "எத்தனை வினாடின்னா ஒத்துக்கும்யா உன் மெஷினு?"

மூன்றுக்குப் பதில் முப்பது கேட்டேன். அறிக்கையில் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று இருபதுக்கு இறங்கினார். மீன் சந்தை மாதிரி இருபத்தைந்தில் படிந்தது. சர்வர் மட்டும் பேரத்துக்குப் படியவில்லை. நாளுக்கு நாள் திணறியது. புதிதாக வாங்கலாம் என்றால், ஏன் முன்பே சொல்லவில்லை என்று அதற்கும் ஒரு கடிதம். ஆகவே, பக்கத்தில் சும்மா கிடந்த மாற்று சர்வரின் மேல் ப்ளகினைத் திருப்பிவிட்டேன். வேலையில்லாத சர்வர் கண்ணிமைக்கும் முன் பதில் சொல்லும். சுவர் முழுக்கப் பச்சை. அதைக் காட்ட ஹிஷினுமா வெளியாட்களை அழைத்து வந்தார்.

அழைப்புப் பிரிவில் ட்சுகுடா என்ற பெண் மட்டும் அடிக்கடி போன் செய்தாள். வண்டி தெருவில் நிற்கிறது, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆஸ்பத்திரி பெயர் வரவில்லை என்பாள். சுவரைப் பார்க்கச் சொல்வேன். ஆதாரமில்லாத புகார் என்று அவளையும் மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தோம். முத்திரையை எவ்வளவு சாய்ப்பது என்று நானே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

பிப்ரவரியில், பனி கொட்டிய ஒரு காலை, மறுபடி கூப்பிட்டாள்.

"குராமோச்சி சார், வண்டில இருக்கறது மாசமா இருக்கற பொண்ணு. ரத்தம் நிக்கல. எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க சார்."

"இங்க எல்லாம் பச்சையா இருக்கும்மா," என்றேன். "உன் பக்கம் ஒருதடவ அணைச்சுப் போட்டுப் பாரு."

திணறுகிற சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் நிறுத்தினால் அது பதிவாகும். பதிவானால் கடிதம்.

ஆஸ்பத்திரி பெயர் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. தாயும் போனாள், பிள்ளையும் போனது. பொறுப்பேற்று ட்சுகுடா வேலையை விட்டாள். அவள் ராஜினாமாவில் இருந்த இரண்டு பிழைகளைத் திருத்திக் கொடுத்ததும் நான்தான்.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். நியாயமாக இதையும் சேர்த்து எழுத வேண்டும்: அந்த இருபத்திரண்டு நிமிடமும், நான் கண்காணித்த சர்வர் ஒரு வினாடிகூடத் தாமதிக்கவில்லை.