பழைய வீடியோ என்று சொன்னவள்

"நீ பழைய வீடியோன்னு சொன்னதாலதான் மாரி நிம்மதியா சோத்துக்கு ஒலை வச்சா."

சாத்தூரிலிருந்து விருதுநகர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் இதைச் சொன்னாள். அவள் பட்டாசு ஆலைத் தொழிலாளி. நக இடுக்கில் அலுமினியத் தூள் மின்னியது. பக்கத்தில் இருந்த இளம்பெண்ணின் கழுத்தில் 'பொய்ச்செய்தி விழிப்புணர்வுப் பயிற்றுநர்' என்ற அட்டை. மூன்று நாள் பயிற்சிக்கு அந்த அட்டையும் ஒரு சான்றிதழும் கொடுப்பார்கள்.

"சொல்லிக்குடுத்தபடிதான் பாத்தேன் மதினி. போன வருச வெடிவிபத்து வீடியோவப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். அதே தகர ஷெட்டு, அதே புகை, அதே அழுகை. அதான் தெரு குரூப்புல, பழசு, யாரும் அனுப்பாதீகன்னு போட்டேன்."

"நம்ம பக்கம் எல்லா விபத்தும் அப்படித்தான தாயி இருக்கும்."

இளம்பெண் கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"மாரி புருசன் ஆஸ்பத்திரியில ரெண்டு மணி நேரம் உசுரோட இருந்தாராமே."

"ஆமா. அவளத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாராம்."

"இன்னைக்கு வகுப்புல, வீடியோவ நம்பாதீக, நேரா போன் போட்டுக் கேளுங்கன்னு சொல்லப்போறேன் மதினி."

"போனத்தான் ஆலை கேட்டுலயே வாங்கி வச்சிருவாகளே."

தீப்பொறிக்குப் பயந்து வைத்த விதி அது. ஆலைகளில் யாரும் மீறாத விதியும் அது ஒன்றுதான்.

"மாரியும் போன் போட்டா தாயி. ரிங்கு போய்க்கிட்டேதான் இருந்துச்சு. வேலையில இருக்காருன்னு நெனச்சு அரிசியக் களஞ்சு போட்டுட்டா."