வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்காமை தொடர்பாக

எனது பெயர் ஞானவேல் ரேணுகாதேவி. வயது 37. நிரந்தர முகவரி இந்தியா, தமிழ்நாடு, திருப்பூர். தற்போதைய முகவரி திருகோணமலை, உட்துறைமுக வீதியில் கலீலுர் றஹ்மான் என்பவருக்குச் சொந்தமான வீட்டின் மேல்மாடி. கல்வித் தகைமை, வரலாற்றில் முதுகலைமாணிப் பட்டம். தொழில், விசா நிபந்தனைகளின்படி இல்லை. தமிழ் வாசிக்கவும் எழுதவும் பேசவும் அறிவேன். நான் பேசும் தமிழை இங்குள்ளவர்கள் சினிமாத் தமிழ் என்பார்கள். அதற்கு எனக்கு ஆட்சேபனை இல்லை.

2026 பெப்ரவரி 22 ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு அண்மையில், தடைசெய்யப்பட்ட கடற்பரப்பினுள், வள்ளமொன்றில் இருந்த எனது கணவரும் நானும் கடற்படையினரால் பிடிக்கப்பட்டமை தொடர்பாக இப்பொலிஸ் நிலையத்தில் இவ்வாக்குமூலத்தை அளிக்கிறேன்.

இச்சம்பவத்திற்கு மூலகாரணமான தீர்மானம் சென்ற ஆண்டு எமது குசினியில் வைத்து எனது கணவராலும் என்னாலும் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது. கீழ்வீட்டிலிருந்து வரும் தட்டை இனிமேல் கடையில் வாங்கிய எந்தப் பொருளாலும் நிரப்பித் திருப்பி அனுப்புவதில்லை என்பதே அத்தீர்மானம். முன்மொழிந்தவள் நான். கணவரின் வாயில் பிஸ்கட் இருந்தபடியால் அவர் தலையசைத்து வழிமொழிந்தார்.

எனது கணவர் ஞானவேல், வயது 41, கப்பல்துறை என்னும் இடத்தில் உள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு முகாமையாளராகக் கடமையாற்றுகிறார். தையல் கோணிய சட்டைகளை நிராகரிப்பது அவரது வேலை. எமது வதிவிட விசா ஏப்ரல் மாதத்தில் நீடிக்கப்பட வேண்டும். அதற்குப் பொலிஸ் அறிக்கை தேவை. எம்மீது வழக்கு ஏதும் இருந்தால் விசா கிடைக்காது. விசா கிடைக்காவிட்டால் நாங்கள் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும். இதை முன்கூட்டியே பதிவு செய்யுமாறு கேட்டுக்கொண்டேன்.

நாங்கள் இங்கு குடிவந்த முதல் மாதத்தில் கணவர் காலையில் போனால் இருட்டிய பின்னரே வருவார். அம்மாதத்தில் எமது கதவைத் தட்டியவர்கள் மின்மானி வாசிப்பவரும் கலீலுர் றஹ்மானின் மனைவி சுபைதாவும் மட்டுமே. மின்மானி வாசிப்பவர் உள்ளே வரவில்லை. சுபைதா ஒரு சில்வர் தட்டில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் கதிரையைப் போட்டு அமர்ந்திருந்தார். தன்னை ராத்தா, அதாவது அக்கா, என்றும் தன் கணவரை நானா, அதாவது அண்ணன், என்றும் கூப்பிடுமாறு சொன்னார். அதன் பின்னர் நான் அவர்களை அப்படியே கூப்பிட்டு வருகிறேன்.

தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எமது ஊரில் வழக்கமில்லை. ஆகவே மறுநாள் கடையில் வாங்கிய கிறீம் பிஸ்கட்டுகளை அதில் அடுக்கிக் கீழே கொண்டுசென்றேன். சுபைதா ராத்தா அவற்றைப் பார்த்துவிட்டு, “கடைச் சாமானா புள்ள? கடை எங்கட ஊட்டுக்குத்தான் கிட்ட. ஒங்களுக்கு எதுக்கு இந்த வீண் நடை?” என்று சிரித்தார். மேலே சொன்ன தீர்மானம் அன்றிரவு, மிகுதி பிஸ்கட்டுகளின் முன்னிலையில் நிறைவேற்றப்பட்டது.

அப்போது நான் கவனத்தில் எடுக்கத் தவறிய விடயம், தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது இந்த ஊரிலும் வழக்கமில்லை என்பதாகும். ஒரு பக்கத்தில் மட்டும் இவ்வழக்கம் இருந்தால் காரியம் இரண்டு நாளில் முடிந்துவிடும். இரு பக்கத்திலும் இருந்தால் அதற்கு முடிவில்லை. நான் குழிப்பணியாரம் கொடுத்தேன். அவர் பதிலுக்கு வட்டிலப்பம் கொடுத்தார். நான் முறுக்கு கொடுத்தேன். அதில் பாதி உடைந்திருந்தது. அவர் உடையாத முறுக்கு கொடுத்தார். இவ்விரு நாடுகளுக்கும் இடையே கைச்சாத்தான பல உடன்படிக்கைகளைவிட இது ஒழுங்காக நடைமுறைப்படுத்தப்பட்டது என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம்.

எனது சமையல் கையிருப்பு தீர்ந்த பின்னர், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே சென்று தட்டுக்கு ஏதாவது தேடி வருவது எமது பொழுதுபோக்காயிற்று. சுற்றுலா வருபவர்கள் பார்க்கும் இடங்களையும் பார்த்தோம். ஆனால் தட்டில் வைக்கக்கூடியது எதுவும் கிடைக்காத இடத்திற்கு இரண்டாம் முறை செல்லவில்லை. சாம்பல்தீவில் தோட்டக்காரர் ஒருவரிடம் கெஞ்சி, எங்கள் கையாலேயே கத்தரிக்காய் பிடுங்கி வந்தோம். அதே கத்தரிக்காய் மறுநாள் மாலை பொரித்த பாற்கறியாகி எமது வீட்டுக்கே திரும்பி வந்தது. எனது கணவருக்கு இரண்டு காற்சட்டைகள் போட முடியாமற் போயின.

அதன் பின்னர் நோன்பு மாதம் தொடங்கியது. தட்டு தினமும் வந்தது. சென்ற வெள்ளிக்கிழமை நான் கீழே சென்றிருந்தபோது சுபைதா ராத்தா பேச்சோடு பேச்சாக, “நான் கிண்ணியாக்காரி புள்ள. மட்டிக் கறி எண்டா எனக்கு உசிரு. டவுனுக்கு வாழ வந்த பொறகு அதெல்லாம் கனவுலதான்” என்றார். கலீலுர் றஹ்மான் நானா பத்திரிகையிலிருந்து தலையெடுக்காமல், “கனவுல திண்டுட்டு விடிய என்னோடதான் சண்டைக்கு வாறா” என்றார். மட்டி என்பது கரையோரச் சேற்றில் பொறுக்கும் ஒரு வகைச் சிப்பி என்று கேட்டு அறிந்து, நான் மேலே வந்து இதைக் கணவரிடம் சொன்னேன். எமது பதில் என்னவாக இருக்க வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

மட்டி கிடைக்கும் சேற்றுப் பகுதிக்கு நடந்து போக வழியில்லாதபடியால், ஞாயிற்றுக்கிழமை மதியத்தின் பின்னர் எமது வீட்டுக்கு எதிரேயுள்ள கரையில் மீன்பிடிக்கும் தம்பிராசா என்பவரிடம் அவரது சிறிய வள்ளத்தை இரவல் கேட்டோம். தம்பிராசா இவ்விடயத்தில் குற்றமற்றவர். அவர் எனது கணவரிடம், “வள்ளம் வலிக்கத் தெரியுமோ?” என்று கேட்டார். எனது கணவர், “ஊட்டி ஏரியில ஓட்டியிருக்கேனுங்க” என்றார். அதற்கு அவர், “அது குளம், தம்பி. இது துறைமுகம். இதுக்குள்ள கப்பலே வழி கேட்டுத்தான் வரும். கரையோட நிண்டு பொறுக்கிப்போட்டு வாங்கோ. மிதவைக்கு அங்கால போகாதேங்கோ, நேவிக்காரர் பாத்துக்கொண்டு இருப்பினம்” என்றார். நாங்கள் சம்மதித்தோம். கைப்பேசிகள் நனையாமலிருக்க அவற்றை அவரிடமே ஒப்படைத்தோம். ஆகவே நாங்கள் எதையும் புகைப்படம் எடுக்கவில்லை.

தட்டை எடுத்துச் சென்றது எனது கணவரின் யோசனை. தட்டு நிரம்புமளவு மட்டும் எடுத்தால் போதும், அதற்கு மேல் எடுப்பது விரயம் என்றார்.

கரையோரச் சேற்றில் இறங்கி மட்டி பொறுக்கினோம். நான் எடுத்துக் கொடுத்தவற்றை எனது கணவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, சிறியவற்றையும் ஓடு உடைந்தவற்றையும் நிராகரித்துக் கடலில் போட்டார். இதனால் தாமதம் ஏற்பட்டது. தட்டு நிரம்பிய பின்னர் வள்ளத்தில் ஏறினோம். நான் உட்காரும்வரை வள்ளம் ஆடாமலிருக்க, கணவர் துடுப்பைச் சேற்றில் ஆழமாக ஊன்றிப் பிடித்துக்கொண்டார். அப்போது கடலிலிருந்து காற்று எழுந்தது. நான் விழப் பார்த்தேன். அவர் துடுப்பை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார். துடுப்பு சேற்றில் நின்றது. வள்ளம் நிற்கவில்லை.

காற்று எம்மை மேற்குப் பக்கமாகக் கொண்டுசென்றது. எங்கள் இருவருக்கும் நீந்தத் தெரியாது. மிதவையைத் தாண்டியதை நான் கண்டேன். அதன் பின்னர் எனது கணவர் மட்டியை வள்ளத்தின் உள்ளே கொட்டிவிட்டு, தட்டைத் துடுப்பாகப் பயன்படுத்தி வலிக்கத் தொடங்கினார். தட்டு ஒன்று மட்டுமே இருந்தபடியாலும், அவர் ஒரே பக்கத்தில் வலித்தபடியாலும், வள்ளம் வட்டமாகச் சுற்றிச் சுற்றி எண்ணெய்த் தாங்கிகளை நெருங்கியது. வெயில் தட்டில் பட்டதா என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. தாங்கிகளை நோக்கி ஒழுங்கான இடைவெளியில் ஒளிச் சமிக்ஞை காட்டப்பட்டதாகக் காவலரணில் இருந்தவர் அறிவித்ததாக இங்கு வந்த பின்னரே எமக்குச் சொல்லப்பட்டது. எனது கணவர் எதையும் ஒழுங்கான இடைவெளியில் செய்பவர்.

கடற்படைப் படகு வந்தபோது அதிலிருந்த ஒருவர், “இங்க என்ன செய்றது?” என்று கேட்டார். எனது கணவர் பதற்றத்தில், “தட்டைத் திருப்பிக் கொடுக்கணுமுங்க” என்றார். அந்த உத்தியோகத்தர் தட்டை வாங்கி, திருப்பி, அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே “க.ற.சு.” என்று பொறிக்கப்பட்டிருந்தது. அதை அவர் தமது குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எங்களையும், தட்டையும், மட்டியையும் இந்நிலையத்தில் ஒப்படைத்தார். கடவுச்சீட்டுகள் வீட்டிலிருந்து எடுப்பிக்கப்பட்டன.

வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் சார்ஜன்ட் இராகுலன் என்னிடம் பின்வரும் கேள்விகளைக் கேட்டார்.

கேள்வி: க.ற.சு. என்பது யாருடைய குறியீடு?

பதில்: கலீலுர் றஹ்மான் சுபைதா. கலியாண வீட்டில் பாத்திரம் மாறிப் போகாமலிருக்கப் பெயர் வெட்டுவது. எங்கள் வீட்டுப் பாத்திரங்களிலும் உண்டு.

கேள்வி: வரலாறு படித்தவர் என்கிறீர்கள். இத்துறைமுகத்தின் பாதுகாப்பு முக்கியத்துவம் உங்களுக்குத் தெரியாதா?

பதில்: தெரியும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் பல்வேறு காரணங்களுக்காக இதனுள் நுழைந்ததாக வாசித்திருக்கிறேன். மட்டிக்காக எவரும் நுழைந்ததாக வாசிக்கவில்லை.

இதன்போது சார்ஜன்ட் பேனாவைக் கீழே வைத்து, “அம்மா, தட்டை வெறுமையாக் குடுக்கக் கூடாதெண்டு எண்ணெய்த் தாங்கிக்குக் கிட்டப் போனவை எண்டு நான் எழுதினா, பெரியவர் உங்களை விட்டுப்போட்டு என்னையெல்லோ விசாரிப்பார்? ஆர் நம்புவினம்? நானே நம்பேலாமல் கிடக்கு” என்றார். நான் சொன்னது சொன்னபடியே எழுதப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொண்டேன். அவர் எழுதினார். ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. எமது கடவுச்சீட்டுகளை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார்.

அதன் பின்னர் தட்டை அடையாளம் காட்டுவதற்காகக் கலீலுர் றஹ்மான் அழைக்கப்பட்டார். அவருடன் சுபைதா ராத்தாவும் வந்தார். கையில் முதல் தட்டைவிடப் பெரிய தட்டு ஒன்று, துணியால் மூடப்பட்டு இருந்தது. கலீலுர் றஹ்மான் நானா மேசையிலிருந்த தட்டைப் பார்த்து, “ஓம், எங்கட தட்டுதான். ஆனா கப்பலோட்ட வாங்கினதில்ல” என்றார். சுபைதா ராத்தா சார்ஜன்டிடம், “உளவு பாக்குற ஆளா சேர் இவ? எண்ட குசினியில உப்பு எங்க கெடக்கெண்டு இன்னும் இவவுக்குக் கண்டுபிடிக்க ஏலாமக் கெடக்கு” என்றார். இது உண்மை.

அதன் பின்னர் அவர் கடற்படையினர் ஒரு வாளியில் இட்டு ஒப்படைத்திருந்த மட்டியைக் கண்டார். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். “நல்ல பருத்த மட்டி. யாரு பொறுக்கின?” என்று கேட்டார். எனது கணவர் கையை உயர்த்தினார்.  சுபைதா ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன் பின்னர், “இத இப்பவே அவிக்காட்டிப் பழுதாப் போயிரும் சேர்” என்றார். அது சான்றுப்பொருள் எனச் சார்ஜன்ட் விளக்கினார்.

இவ்வேளையில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. சுபைதா ராத்தா தட்டை மூடியிருந்த துணியை விலக்கினார். பேரீச்சம்பழம், கட்லட், சமோசா, ரோல்ஸ் ஆகியன இருந்தன. அவரும் கலீலுர் றஹ்மான் நானாவும் பேரீச்சம்பழத்தால் நோன்பு துறந்தார்கள். மிகுதியை மேசையைச் சுற்றி இருந்த எல்லோர் பக்கமும் தள்ளிவைத்து, “பாத்துக்கொண்டு இருக்காம எடுங்க, சேர். குற்றவாளியும் பொலிசும் பொறகு” என்றார். வாக்குமூலம் இடைநிறுத்தப்பட்டது. நாங்கள் சாப்பிட்டோம். கடமையிலிருந்த உத்தியோகத்தர்களும் சாப்பிட்டார்கள். கடைசிக் கட்லட்டைச் சார்ஜன்ட் எடுத்தார்.

சாப்பிட்ட பின்னர் சுபைதா ராத்தா தட்டை எடுக்கக் கை நீட்டினார். சார்ஜன்ட், “இருக்கட்டும் அக்கா, கழுவித் தாறம்” என்றார். அவரும் கலீலுர் றஹ்மான் நானாவும் வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கச் சென்றார்கள். கொன்ஸ்டபிள் ஒருவர் தட்டைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார்.

அதன் பின்னர் வாக்குமூலம் தொடர்ந்தது. மேலும் சொல்வதற்கு ஏதும் உண்டா என்று கேட்கப்பட்டது. எமக்கு இந்நாட்டின் எண்ணெயிலோ தாங்கிகளிலோ எந்த அக்கறையும் இல்லை எனவும், இந்த வீட்டில் தொடர்ந்து இருக்க விரும்புகிறோம் எனவும் சொன்னேன். சார்ஜன்ட் அதை எழுதி முடித்துவிட்டு, கழுவிய தட்டைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பின்னர் அதே கொன்ஸ்டபிளை அழைத்துத் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிச் சந்தைப் பக்கம் அனுப்பினார். என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. கொன்ஸ்டபிள் வரும்வரை கையொப்பம் இடுவதற்கு அவசரமில்லை என்றார்.

நான் கூற விரும்பியது இவ்வளவே. மேலே எழுதப்பட்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அவை யாவும் நான் சொன்னவையே, உண்மையே என ஏற்று, எவருடைய வற்புறுத்தலுமின்றிக் கீழே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஞா. ரேணுகாதேவி

பதிவு செய்த உத்தியோகத்தரின் குறிப்பு: மேற்படி இருவரும் எச்சரிக்கையின் பேரில் விடுவிக்கப்பட்டனர். கடவுச்சீட்டுகள் இரண்டும் திருப்பிக் கையளிக்கப்பட்டன. மட்டி பழுதடையக்கூடிய பொருளாகையால், சான்றுப்பொருளாக இருந்த சிறிய தட்டில் இட்டு ஞானவேல் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெரிய தட்டு அதன் உரிமையாளர் சுபைதாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் கதலி வாழைப்பழம் ஒரு சீப்பு இருந்தது.

(ஒப்பம்) பொலிஸ் சார்ஜன்ட் இராகுலன்