வெட்டிவிட்ட சின்ன மேடு

— உக்காந்தே சொல்லுங்க மாப்பிள்ளை. என் ஆராய்ச்சி தப்புன்னு சொல்ல வந்தவர் எதுக்கு லேப் வாசல்லயே நிக்கணும்?

— ஐயோ, தப்புன்னு சொல்லல அத்தை. அது வந்து... பாதிதான் வெளிய வந்திருக்குன்னு சொல்றேன்.

— அது அதைவிட மோசம். ம், மேல சொல்லுங்க.

— உங்க புரதத்தை கம்ப்யூட்டர்ல அணு அணுவா ஓட விட்டேன். மூணு மாசம். நீங்க வெளியிட்ட வடிவப் படத்துல இருக்கற மாதிரி அது கல்லாட்டம் நிக்கல. மேல மூடி மாதிரி ஒரு பகுதி இருக்குல்ல, அது வந்து... அப்பப்ப திறக்குது.

— கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும். கொடுக்கற கணக்குல ஒரு பிசகு இருந்தா ஆனையையே பறக்க விட்டுடும்.

— அதான் அத்தை, நானும் நம்பல. அதனாலதான் உங்க பழைய டேட்டாவைக் கேட்டு வாங்கினேன். மூடியில ஒரு குறி, அடியில ஒரு குறி ஒட்டி, நடுவுல தூரம் அளந்தீங்கள்ல?

— அளந்தேன். ஒரே தூரம்தான் வந்துச்சு. மூடி மூடியேதான் இருக்கு.

— கட்டுரையில ஒண்ணுதான் அத்தை. ஃபைல்ல இருக்கற கிராஃப்ல ரெண்டு தூரம் இருக்கு. பெரிய மேடு ஒண்ணு, தள்ளி சின்ன மேடு ஒண்ணு.

— தண்ணி ஏதாவது குடிக்கறீங்களா?

— வேணாம் அத்தை.

— அந்தச் சின்னது கெட்டுப்போன சாம்பிள். வெட்டி விட்டாச்சு.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா கம்ப்யூட்டர் காட்டின லட்சம் வடிவத்தையும் உங்க அளவோட வச்சுப் பாத்தேன். மூடினது மட்டும்னா ஒட்டவே இல்ல. பத்துல ஒரு பங்கு திறந்ததைக் கலந்தா, இங்க பாருங்க, கோட்டு மேல கோடு.

— அந்தக் கண்ணாடியை எடுங்க. ம்... பொருந்தணும்னே இழுத்துப் பிடிச்சுப் பொருத்தலையே?

— பாதி அளவை ஒளிச்சு வச்சுட்டுத்தான் அத்தை பொருத்தினேன். ஒளிச்சு வச்ச பாதியும் அப்படியே வந்துச்சு.

— மூடி திறந்தா உள்ள என்ன?

— ஒரு குழி. மருந்து போய் உக்கார்ற அளவுக்கு. அது திறக்காதுன்னு நம்பித்தான் எல்லாரும் இந்தப் புரதத்தையே கைவிட்டாங்க.

— என் படத்தைப் பாத்து.

— அது வந்து... நீங்க வேணாம்னா வெளியிடல அத்தை. குடும்பத்துக்குள்ள எதுக்கு வில்லங்கம்?

— அசட்டுத்தனமா பேசாதீங்க. வெளியிடுங்க. ஆனா கட்டுரையில முதல் பேரு உங்க பேரு இல்ல.

— உங்க பேரைத்தானே சொல்றீங்க? தாராளமா போட்டுடலாம்.

— என் பேரும் இல்ல. பன்னெண்டு வருஷம் முன்னாடி, காலேஜ் லீவுல இங்க வேலை பாத்த ஒரு பொண்ணு இதே மேட்டைக் காட்டி, "இது ஆடுதும்மா"ன்னா. சாம்பிளைக் கெடுத்துட்டு கதை விடறியான்னு எல்லார் முன்னாடியும் கிழிச்சுட்டேன். அன்னைக்குப் போனவதான். இந்த வாசப்படியை மிதிக்கவே இல்ல.

— அம்மான்னாளா? அத்தை, நீங்க யாரைச் சொல்றீங்க?

— உங்க பொண்டாட்டியைத்தான். ஆராய்ச்சி பிடிக்கலன்னு உங்ககிட்ட சொல்லியிருப்பா.

— அப்படித்தான் சொன்னா. ஆனா வேற எதையும் தொடாதீங்க, இந்தப் புரதத்தை முதல்ல ஓட்டிப் பாருங்கன்னு ஒத்தக்கால்ல நின்னதும் அவதான் அத்தை.