கோரலைக் கவனித்துக்கொண்ட நான்கு நாட்கள்

என் தங்கை கோரலுக்கு ஆட வராது என்றுதான் அவளுடைய அறுபத்தாறு வயதுவரை நினைத்திருந்தேன். பிரிஸ்பேனில் உல்லாசக் கப்பலேறிய இரண்டாம் நாள், மாலைத் தேநீர் நேரத்தில், வாத்தியக்காரர்கள் ஏதோ பழைய மெட்டு ஒன்றை வாசித்தார்கள். மக்காய் ஊர்க்காரர் ராய்ஸ் என்பவர் எங்கள் மேஜைக்கு வந்து கோரலிடம் கையை நீட்டினார். அவளும் கைப்பையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். நன்றாகவே ஆடினாள். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்திருக்கிற நீங்கள், எனக்கு நோயின் முதல் அறிகுறி எப்போது தெரிந்தது என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன்.

நானும் கோரலும் பதினோரு வருடமாக டுவூம்பாவில், இந்த வீட்டில்தான் இருக்கிறோம். அவள் கணவன் போனபிறகு நான்தான் அழைத்து வந்தேன். அதற்குமுன் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். எந்தத் துணியை எந்தப் பையில் போட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வயிற்றுக் கிருமி எவ்வளவு சுலபமாகக் கைமாறும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் காலை எனக்கு வாந்தி. கூடவே மற்றதும். கோரல் அதற்குள் மேல்தளத்தில் ராய்ஸோடு நடக்கப் போயிருந்தாள். கப்பல் மருத்துவரிடம் சொன்னால் மூன்று நாள் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. அந்த மூன்று நாளும் அவர்கள் இருவரும் தனியாகச் சுற்றுவார்கள். அதனால் சொல்லவில்லை. கப்பல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, காய்ந்த பிஸ்கட்டோடு சமாளித்தேன். மறுநாள் மாலை உடம்பு தேறிவிட்டது. தேறின பிறகும் சில நாள் கிருமி நம்மோடுதான் இருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் காலைத் தேநீரில் ராய்ஸ் தொண்டையைச் செருமினார். கரும்பு ஏற்றும் ரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவர். எதற்கும் ஊதல் ஊதிவிட்டுத்தான் கிளம்புவார்.

“நொலீன், உங்க தங்கச்சிய மக்காய்க்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். திருப்பித் தரமாட்டேன்.”

“அவ குறட்டை விடுவா,” என்றேன்.

“நாப்பது வருஷம் எஞ்சின் பக்கத்துல உக்காந்தவன் நான். எனக்கு அது தாலாட்டு.”

கோரல் முகம் சிவக்கச் சிரித்தாள். “நீ தனியா இருந்துக்குவியாக்கா?”

“எனக்கென்ன,” என்றேன். வாழ்த்தும் சொன்னேன். பிறகு கழிவறைக்குப் போனேன். கை கழுவாமல் திரும்பி வந்தேன்.

ராய்ஸுக்குத் தேநீரோடு வரும் ஸ்கோன் ரொட்டி என்றால் உயிர். ஒன்றைக் கையாலேயே பிட்டு, ஜாம் தடவி, க்ரீமை விரலால் வழித்து வைத்துக் கொடுத்தேன்.

“உங்க கையால சாப்பிடக் கொடுத்து வச்சிருக்கணும்,” என்றார். இன்னொன்றும் கேட்டார். அதில் பாதியைக் கோரலுக்கு ஊட்டிவிட்டார். நான் தடுக்கவில்லை.

ஒருவர் இருவர் படுத்தால் ஏன் என்று விசாரிப்பார்கள். நூறு பேர் படுத்தால் யாரால் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே அன்று முழுக்கச் சுறுசுறுப்பாக இருந்தேன். ரொட்டி எடுக்கும் இடுக்கிகள், லிஃப்ட் பொத்தான்கள், பிங்கோ விளையாட்டுப் பேனாக்கள் என்று ஒன்றையும் தொடாமல் விடவில்லை. பேனாக்களை மேஜை மேஜையாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். “உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இருக்காது,” என்றாள் பிங்கோ நடத்தும் பெண். உணவுக்கூட வாசலில் எல்லார் கையிலும் தெளித்த மருந்து இந்தக் கிருமியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. பாவம், பாட்டுப் பாடிக்கொண்டே தெளித்தார்கள்.

ஏழாம் நாள் காலை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் படுக்கையில் இருந்தார்கள். வீலா துறைமுகத்தில் யாரையும் இறங்க விடவில்லை. கப்பல் ஊருக்குத் திரும்பியது. கேப்டன் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார். பாதியில் நிறுத்திவிட்டு ஓடினார் என்று நினைக்கிறேன்.

கோரலும் படுத்தாள். அந்த நான்கு நாட்கள் எங்களுக்கு எவ்வளவு நன்றாகப் போயின என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினேன். விரிப்பு மாற்றினேன். தலை வாரிவிட்டேன். பள்ளிக்கூட டீச்சர்களின் பட்டப்பெயர்களைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தோம். அவளுக்கு ஏற்கெனவே வலித்துக்கொண்டுதான் இருந்தது.

“அவருக்கு ஒரு போன் போட்டுப் பாரேன்க்கா. தனி ரூம்ல இருக்காரு. இதயத்துக்கு வேற மாத்திரை சாப்பிடறாரு.”

“போட்டேன். நல்லாத் தூங்குறாராம்.”

அறைத் தொலைபேசியின் கம்பியை அவள் படுத்த அன்றே நான் பிடுங்கி வைத்திருந்தேன். நோயாளிக்கு ஓய்வுதான் முக்கியம்.

அறைப் பணியாளர்களும் பாதிப் பேர் படுத்துவிட்டதால் ராய்ஸின் கதவை யாரும் தட்டவில்லை. ஒன்பதாம் நாள் காலை திறந்து பார்த்திருக்கிறார்கள். உடம்பில் நீர் வற்றி, இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். கோரலிடம் நானே பக்குவமாகச் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் கணவன் போனபோதுகூட அப்படிச் சாய்ந்ததில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அறிகுறி மூன்றாம் நாள். ஐந்தாம் நாளிலிருந்து தெரிந்தே, வேண்டுமென்றே பரப்பினேன். ராய்ஸ் அதில்தான் செத்தார். ஒளிக்க ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து என் பெட்டியைப் பிரித்தபோது மாத்திரை வாங்கிய ரசீது கோரல் கையில் கிடைத்தது. அதில் இருந்த மூன்றாம் நாள் தேதியைப் பார்த்தாள். ரசீதை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். உங்களைக் கூப்பிட்டது அவள்தான் என்று தெரியும். எனக்கு அதில் வருத்தமில்லை.

மற்றபடி முன்பைவிட ஒற்றுமையாக இருக்கிறோம். மக்காய்ப் பேச்சே இல்லை. மூன்று வாரமாக அவள் ஓட்டோடு அவித்த முட்டையும், தானே தோலுரிக்கும் வாழைப்பழமும், தானே திறக்கும் டின் மீனும்தான் சாப்பிடுகிறாள், அதுவும் தன் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு. வயதான அக்காவை அடுப்படியில் நிற்க வைக்கக் கூடாதென்று பார்க்கிறாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு பாசம்.