சுமைதாங்கியை உடைத்தவர்

கல்லை உடைத்தபோது சாயங்காலம் ஆறு மணி இருக்கும். வல்லத்திலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டில், ஈ காக்கை இல்லாத ஒரு கிளைப்பாதை... அதன் முனையில் ஒரு பழைய மாதா கோயில். ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர்க்காரர் யாராவது இந்தக் கும்பலில் இருந்து தொலைத்தால், கதை முடிந்து நான் எப்படி வீடு போய்ச் சேருவது?

நடந்தது ஐம்பத்தெட்டில். நம் வேங்கடேசனுடைய சித்தப்பா, சக்கரபாணி. மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கணக்கு எழுதுகிறவர். மற்ற நேரமெல்லாம் சரித்திரப் பைத்தியம். லீவு கிடைத்தால் சைக்கிளை மிதித்துக்கொண்டு கோட்டை, குகை, கல்லறை என்று கிளம்பிவிடுவார். மண்டகப்பட்டுக் குகைக்கு அவர் போன தடவைகள், குடைந்த மகேந்திரவர்மனே போயிருக்க மாட்டான்.

அன்றைக்குக் கிளம்பியே இருக்கக்கூடாது. மனைவி தையல்நாயகிக்கு ஒன்பதாம் மாசம். வீட்டில் துணைக்கு ஆளில்லை. விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார்.

கோயில் நெற்றியில், சுண்ணாம்புக்கு அடியில், ஏதோ வருஷம் புடைத்துத் தெரிந்தது. எட்டிப் பார்த்தால் படிக்கலாம். நம் ஆள் குள்ளம். பக்கத்தில் தோதாக ஒரு சுமைதாங்கி... நட்ட கல் இரண்டு, மேலே குறுக்குக் கல் ஒன்று. ஏறி நின்றார். 'ஆயிரத்து எண்ணூற்று...' என்று படிக்கும்போது காலடியில், மளுக். கல்லும் அவரும் ஒன்றாகக் கீழே. அவருக்கு முழங்கை சிராய்ந்தது. கல் இரண்டு துண்டு. சரித்திரத்தைப் படிக்கப் போனவர் சரித்திரத்தை உடைத்துவிட்டார்.

உடைந்த துண்டில் ஒரு சிலுவை. அதன் கீழே ஒரு பேர்... இருதயமேரி.

சுமைதாங்கி யாருக்கு வைப்பார்கள்? பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்துப்போனவளுக்கு. வழிப்போக்கன் தன் தலைச்சுமையை அதில் இறக்கி வைக்கும்போது, அவள் வயிற்றுச் சுமையும் கொஞ்சம் இறங்குமாம். இனி எங்கே இறக்குவாள்?

சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. வசவு இல்லை, அடி இல்லை. வெறுமனே பார்த்தார்கள். அதற்கு அடியே தேவலை.

"மன்னிச்சுக்குங்க... சிமெண்டு வச்சி நானே பூசித் தந்துடறேங்க" என்றார் சக்கரபாணி.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சின்னதுரை சொன்னான்: "வண்டியை எடு. ஜல்தி."

கூட்டத்திலிருந்து அஞ்சம்மாள் என்றொரு கிழவி முன்னால் வந்தாள். "உன் வூட்ல யாராச்சும் முழுவாம கீறாங்களா?"

"எங்க வூட்டுக்காரி தாங்க. இது ஒம்பதாம் மாசம்."

அத்தனை முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்...

"அப்ப சரி" என்றாள் கிழவி.

"என்னா சரி? என்னாங்க ஆச்சி?"

வழிவிட்டார்கள். சைக்கிள் தாண்டின பிறகும் வழியை மூடவில்லை. பின்னால் இன்னொரு ஆள் நடந்து போகட்டும் என்பதுபோல இடம் விட்டு நின்றார்கள். பாதை திரும்பும்போது ஒரு கல் பறந்து வந்து மட்கார்டில், டங்.

ரோட்டுக்கு வந்ததும் இருட்டிவிட்டது. காற்று இல்லை. ஆனாலும் சைக்கிள் நகர மாட்டேன் என்றது. கேரியரில் மல்லாட்டை மூட்டை வைத்து ஓட்டிப் பழகின ஆள் அவர். கனம் புதுசில்லை. ஆனால் மூட்டை மூச்சு விடாது.

இது விட்டது. பிடரியில்... சூடாக... மெழுகுவத்தி அணைந்த வாடையோடு.

திரும்பிப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள், நானும் பார்த்திருக்க மாட்டேன். மிதித்தார். முதுகில் ஏதோ உருண்டையாக வந்து அழுந்தியது. அந்த உருண்டைக்குள்ளிருந்து... ஒரு உதை.

அந்த உதையை அவருக்குத் தெரியும். ராத்திரிகளில் தையல்நாயகி அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொள்வாளே, அதே உதை.

அழுதுகொண்டே மிதித்தார். இதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவதா? போகாவிட்டால் அவள் தனியாக இருக்கிறாளே?

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட்காரர் தாண்டவராயன் லாந்தரோடு வந்தார்.

"அண்ணே, என் பின்னாடி யாராச்சும் கீறாங்களா பாருங்கண்ணே."

தாண்டவராயன் லாந்தரை உயர்த்தினார். பார்த்தார். மெதுவாக இறக்கினார். கேட்டைத் திறந்துவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பள்ளம் மேடு பாத்து ஓட்டுங்க. குலுக்காதீங்க."

தெருமுனைக் குழாயடியில் நிறுத்தினார். செத்தவள் கல்லை மிதித்த கால், கழுவாமல் வீட்டுக்குள் வைக்கக்கூடாது இல்லையா? கழுவினார், தலையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டார். சைக்கிளை நகர்த்தினால்... காகிதம் மாதிரி வந்தது. கேரியர் காலி. ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். நடுத்தெருவில் நின்று சிரித்தார் மனுஷன். தொலைந்தது சனியன்!

வீட்டு வாசலில் தையல்நாயகி சிம்னி விளக்கோடு நின்றிருந்தாள். முழுசாக, வயிறும் தானுமாக. அவளைப் பார்த்ததும் உயிர் வந்தது அவருக்கு.

"தையலு... வழியெல்லாம் கேக்கறேன், ஒருத்தரும் வாயைத் தொறக்கல. என் பின்னாடி யாருடி வந்தாங்க?"

"நல்ல ஆளுங்க நீங்க!" சீறினாள் அவள். "வாயும் வயிறுமா இருக்கறவளை சைக்கிள்ல வச்சி இந்த ரோட்லயா மெதிச்சிக்கினு வருவீங்க? ஆளை முன்னால அனுப்பிட்டுக் கால் கழுவிக்கினு நிக்கறாராம்! பாவம், நிக்கவே முடியல அந்தப் பொண்ணால. வலி கண்டுடுச்சி. உள்ள என் பாயில படுக்க வச்சிருக்கேன். ஆம்பள நீங்க வராதீங்க. ஓடிப் போயி மருத்துவச்சியக் கூட்டியாங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது... தையல்நாயகி கைக்கு எட்டவே எட்டாத அந்த மேல் தாழ்ப்பாள்.