சங்கத்துக்கு நான் கொடுத்த மணி

பித்தளையைத் துலக்கப் புளியைப் போல நல்லது எதுவும் இல்லை. நம் குத்துச்சண்டைச் சங்கத்தில் தொங்கும் மணியை வாரந்தோறும் புளி போட்டுத் தேய்ப்பவன் நான்தான். வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். அதை யாரும் பேசக் காணோம். 'ரெங்கராஜ் ஒரு குத்துக்கூட விடாமல் கோப்பையைத் தூக்கிவிட்டான்' என்பதைத்தான் பாலக்கரை முழுக்கப் பேசுகிறார்கள். உழைக்காமல் ஜெயித்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அதனால்தான் சங்கத்துப் பெரியவர்களான உங்கள் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வந்தேன்.

மருதை என் தங்கை வேலம்மாளின் புருஷன். திருவானைக்காவலில் வீடு, மோட்டார் பட்டறையில் வேலை. எனக்கு ஸ்ரீரங்கத்தில் சைக்கிள் கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு வரை வருஷா வருஷம் வெள்ளிக் கோப்பையில் அவர் பெயரைப் பொறிப்பீர்கள். இரண்டாவதாக வந்த எனக்கு ஒரு துண்டு போர்த்துவீர்கள். என் வீட்டில் துண்டுக்குப் பஞ்சமே கிடையாது. மருதை தங்கமான மனுஷர். என்னைக் கீழே சாய்த்துவிட்டு அவரே கைகொடுத்துத் தூக்கிவிடுவார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு அவர் ஜெயிலுக்குப் போனார். உங்களுக்குத் தெரியும், சங்கத்துப் பீரோவில் இருந்த கோப்பை காணாமல் போய் அவர் வீட்டு நெற்குதிரில் அகப்பட்டது. ஒன்றரை வருஷம். மாசம் தவறாமல் போய்ப் பார்த்தேன். ஆள் ஓய்ந்துபோயிருப்பார் என்ற நம்பிக்கையோடுதான் ஒவ்வொரு முறையும் போவேன். அவரோ கல் உடைத்து உடைத்து இறுகிக்கொண்டே வந்தார். விடுதலையாகி வந்ததும் அவரோடு பயிற்சிக்கு நின்று பார்த்தேன். முன்பெல்லாம் அவர் குத்து வருவது தெரியும், தாங்குவதுதான் கஷ்டம். இப்போது வருவதே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் யார் நடந்தாலும் காலடியை வைத்தே ஆளைச் சொன்னார். சர்க்கார் செலவில் இப்படியொரு பயிற்சியா என்று எனக்கு வயிறெரிந்தது.

ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தோம். சோன்பப்டிக்காரன் மணியை ஆட்டிக்கொண்டு போனான். மருதை பேச்சைப் பாதியில் விட்டுத் தெருவிலேயே குந்தினார். கைகளை முழங்காலில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சநேரம் கழித்து அசட்டுச் சிரிப்போடு எழுந்தார்.

"உள்ள மணி அடிச்சா குந்தணும் மச்சான். தலையை எண்ணுவாங்க. முடியிறதுக்குள்ள எந்திரிச்சா லத்திதான். உடம்பு மறக்க மாட்டேங்குது."

எனக்கு உடனே நம் நடுவர் ஷேக் தாவூது பாய் ஞாபகம் வந்தார். விழுந்தவன் பத்துக்குள் எழாவிட்டால் தோல்வி என்று அவரும் எண்ணுகிறவர்தான். ஆனால் நம் சங்கத்தில் ஆட்டம் தொடங்க விசில் அல்லவா ஊதினோம்?

இங்கேதான் என் உழைப்பைக் கவனிக்க வேண்டும். கடையிலிருந்து ஒரு சைக்கிள் மணியைக் கொண்டுபோய் அடித்துப் பார்த்தேன். வெறுமனே திரும்பிப் பார்த்தார். கோயில் யானை வரும் வழியில் அழைத்துப்போனேன். அதன் கழுத்து மணிக்கு அவர் முழங்கால் பாதி மடங்கியது. கனமான நாக்குள்ள பித்தளை மணிதான் வேண்டும் என்று புரிந்துகொண்டு, பெரிய கடைவீதி முழுக்கத் தட்டித் தட்டிக் கேட்டு வாங்கினேன். மதராஸில் எல்லாம் இப்போது மணிதான் என்றேன். நீங்களும் எனக்கு மாலை போட்டீர்கள்.

போட்டிக்கு முந்தின நாள் என் தங்கை வேலு வந்தாள், வயிற்றில் பிள்ளையோடு. ஜெயித்தால் திருட்டுப் பட்டம் போகும், வேலையும் தருகிறேன் என்று பட்டறை முதலாளி சொல்லியிருந்தாராம்.

"அவரு ஜெயிச்சாத்தான் எங்களுக்குச் சோறு. பார்த்துக்குங்கண்ணே."

"என் கை அவரு மேல படாது வேலு. தைரியமா போயிட்டு வா."

சொன்ன சொல்லை நான் காப்பாற்றவில்லையா? மறுநாள் போட்டி தொடங்க மணி அடித்தது. துள்ளி வந்த மருதை நடு மேடையில் குந்தினார். பாய் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். அடிபடாமல் உட்கார்ந்தாலும் எண்ணத்தானே வேண்டும்? எண்ணினார். எண்ணுகிற குரல் காதில் விழ விழ மருதை இன்னும் ஒடுங்கி உட்கார்ந்தார். பத்து முடிந்த பிறகுதான் எழுந்தார். "சரிங்கய்யா" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

உழைப்பு என்று பார்த்தால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்தக் கோப்பை லேசுப்பட்டதல்ல. பீரோவிலிருந்து அதை எடுத்துப் பொங்கல் சீர் அரிசி மூட்டைக்குள் புதைத்து, எதிர்காற்றில் காவிரிப் பாலம் தாண்டி சைக்கிள் மிதித்து, வேலு எனக்குக் காப்பி போடப் போன நேரத்தில் குதிருக்குள் அழுத்தியவன் நான். நானும் மனுஷன்தானே, கோர்ட்டில் சாட்சி சொன்னபோது நிஜமாகவே அழுகை வந்தது.

இப்போது அவர்கள் பச்சைமலையில் மரவள்ளி போட்டுப் பிழைக்கிறார்கள். அண்ணன் கடமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? போன பொங்கலுக்கு அவ்வளவு தூரம் சீர் சுமந்துகொண்டு ஏறினேன். வேலு 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. அரிசி மூட்டையை முற்றத்தில் கவிழ்த்துக் கொட்டி, அடிவரை கைவிட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, அப்படியே அள்ளிக் கட்டித் திருப்பித் தந்தாள். கூடப் பிறந்தவனையே சந்தேகப்படுகிற புத்தி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.